மார்க்கும் மெடலும்

1928 பிப்ரவரி. சென்னையில் ஒரு பத்திரிகை நின்றுபோகும் நிலையில் இருந்தது. பூதூர் வைத்தியநாதையர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய 'ஆனந்த விகடன்' அது. தொடர்ந்து நடத்த அவரால் முடியவில்லை. விளம்பரத் தொழிலில் இருந்த 24 வயது எஸ்.எஸ். வாசன் அதை விலைக்குக் கேட்டார். பெயரில் எட்டு எழுத்து. எழுத்துக்கு 25 ரூபாய். மொத்தம் 200 ரூபாய். பத்திரிகை கைமாறியது. இந்த வியாபாரத்துக்கும் சினிமாவுக்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. தமிழ்ப் படம் வாய் திறந்து பேசவே இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், கடல் கடந்த ஒரு நகரத்தில், ஒரு பெண் நிருபர் தன் கட்டுரையோடு ஒரு சின்னக் குறியைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பினார்.

நகரம் நியூயார்க். பத்திரிகை 'டெய்லி நியூஸ்'. நிருபர் ஐரீன் திரெர். 1928 ஜூலை 31ஆம் தேதி இதழில் 'தி போர்ட் ஆஃப் மிஸ்ஸிங் கேர்ல்ஸ்' என்ற படத்தைப் பற்றி எழுதிய அவர், அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். மூன்று நட்சத்திரம் வாங்கினால் அருமையான படம். இரண்டு என்றால் நல்ல படம். ஒன்று என்றால் சுமார். ஒன்றுமே இல்லையென்றால் மோசம். இனி எல்லாப் படங்களுக்கும் இப்படித்தான் என்று வாசகர்களுக்கு அறிவித்தும் விட்டார். நட்சத்திரம் வாங்கிய அந்த முதல் படத்தை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்த நட்சத்திரமோ உலகம் முழுக்கப் பரவியது. படத்தை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு கிடைத்துவிட்டது என்று பத்திரிகைக்காரர்கள் நினைத்தார்கள். அதே சமயத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் படமெடுப்பவர்களே இன்னொரு தராசைச் செய்துகொண்டிருந்தார்கள்.

எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் தலைவர் லூயி பி. மேயருக்கு 1927இல் இருந்த கவலை வேறு. ஸ்டூடியோத் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நடிகர்களும் இயக்குநர்களும் எழுத்தாளர்களும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. தகராறு வந்தால் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்க்க ஓர் அமைப்பு வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் அகாடமி. பின்னாளில் ஆஸ்கர் என்றான பரிசைக் கொடுப்பது அதன் பல வேலைகளில் ஒன்று, அவ்வளவே. 1929 மே 16ஆம் தேதி ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் விழாவில் பரிசு வழங்கிய நேரம் கால் மணிதான். யாருக்குப் பரிசு என்பது மூன்று மாதங்களுக்கு முன்பே ஊருக்குத் தெரியும். கைதட்டினார்கள், சாப்பிட்டார்கள், கலைந்தார்கள். இந்தப் பரிசை எதிர்த்து ஒரு நாள் விமர்சகர்கள் அணிதிரள்வார்கள் என்று அந்த மண்டபத்தில் இருந்த யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆறே ஆண்டுகளில் அது நடந்தது. 1935இல் நியூயார்க் நாளிதழ்களின் விமர்சகர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு வட்டம் அமைத்துக்கொண்டு, ஆண்டின் சிறந்த படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே முட்டிக்கொண்டது. விமர்சகர்கள் ஜான் ஃபோர்டின் 'தி இன்ஃபார்மர்' என்றார்கள். அகாடமி 'மியூட்டினி ஆன் தி பவுண்டி' என்றது. 1941இல் பெரிய வெடிப்பே வந்தது. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' தான் சிறந்த படம் என்று விமர்சகர்கள் தீர்ப்பளித்தார்கள். ஆஸ்கர் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' என்ற படத்துக்குப் போனது. அதை இயக்கியவர் யார்? முன்பு விமர்சகர்கள் தூக்கிப் பிடித்த அதே ஜான் ஃபோர்ட். அந்த ஆண்டின் சிறந்த இயக்குநர் என்று விமர்சகர்களும் அவரையே சொல்லியிருந்தார்கள். 'சிட்டிசன் கேன்' பிற்காலத்தில் உலகின் மிகச் சிறந்த படங்களின் பட்டியல்களில் பல பத்தாண்டுகள் முதலிடத்தில் நின்றது. விமர்சகருக்கு ஒரு கண், விருதுக்கு ஒரு கண் என்பது அங்கே நிலைத்துவிட்டது. இங்கே சென்னையில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. இங்கே விமர்சகர் ஒருவரே போதும் என்றிருந்தது.

வாசன் 200 ரூபாய்க்கு வாங்கிய பத்திரிகைக்கு 1928இல் 'ஏட்டிக்குப் போட்டி' என்றொரு கட்டுரை வந்தது. எழுதியவர் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி. சில ஆண்டுகளில் அவர் அந்தப் பத்திரிகையின் தூணானார். கதைக்குக் 'கல்கி', பாட்டு, நாட்டியம், நாடகம், சினிமா என்று கலை விமர்சனத்துக்குக் 'கர்நாடகம்'. கர்நாடகம் பேனாவை எடுத்தால் சபாக்காரர்களும் படக்காரர்களும் பதறினார்கள். அவர் நட்சத்திரம் போடவில்லை, மார்க் போடவில்லை. ஒரு பத்தியில் தூக்கி அடுத்த பத்தியில் இறக்கிவிடுவார். வாசகர் சிரித்துக்கொண்டே படிப்பார், படித்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்கலாமா என்று முடிவு செய்வார். அப்படிப்பட்ட விமர்சகர், குற்றம் சொன்ன இடத்துக்குத் தானே போய் நிற்கவேண்டிய நாள் ஒன்று வந்தது.

அவர் எழுதிய 'தியாகபூமி' கே. சுப்ரமணியத்தின் இயக்கத்தில் 1939இல் படமாக வந்தது. விகடனில் தொடர்கதை வந்தபோதே படத்தின் காட்சிகள் அதற்குப் படங்களாக அச்சாயின. தேச விடுதலை வாடை வீசிய அந்தப் படத்தை ஆங்கிலேய அரசு தடை செய்தது. கூட்டம் தியேட்டரை மொய்த்தது. போலீஸ் தடியடி நடத்தியது. விமர்சகரின் கதை பட்ட பாடு அது. 1941இல் அவர் விகடனை விட்டு விலகி, சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்குப் பணம் சேர்க்க சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நடித்தார். வாசனோ ஜெமினி ஸ்டூடியோவின் அதிபராகி, 1948இல் 'சந்திரலேகா'வை நாடு முழுக்க ஓடவிட்டார். 1950இல் கல்கி ஒரு சோழ நாட்டுக் கதையைத் தொடங்கினார். அதில் வில்லன்களுக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது.

அந்த ஊர் கற்பனை ஊர் இல்லை. கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமானூர். அங்கிருந்து அரியலூர் போகும் சாலையில் வருகிறது கீழப்பழுவூர். அதை ஒட்டி மேலப்பழுவூர். சோழர்களுக்குக் கீழே இந்தப் பகுதியை ஆண்ட குறுநில மன்னர்கள்தான் பழுவேட்டரையர்கள். முதலாம் பராந்தகன் அவர்கள் வீட்டில் பெண்ணெடுத்தான். அவள் வயிற்றில் பிறந்த அரிஞ்சயனின் மகன்தான் சுந்தர சோழன். அதாவது கதையில் பழுவேட்டரையர்கள் யாருடைய பிள்ளைகளுக்கு எதிராகச் சதி செய்கிறார்களோ, அந்த அரசனுக்குப் பாட்டி ஊர் இந்தப் பழுவூர். மேலப்பழுவூர்ப் பகுதியில் அவர்கள் எழுப்பிய கோயில்களில் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. வாரா வாரம் 'பொன்னியின் செல்வன்' படித்த இந்தப் பக்கத்து மக்களுக்குப் பெரிய பழுவேட்டரையர் பக்கத்து ஊர்க்காரர். கதை மூன்றரை ஆண்டு ஓடி 1954இல் முடிந்தது. அதே 1954இல் இந்திய சினிமாவுக்கு இரண்டு விருதுகள் பிறந்தன.

முதல் விருது மார்ச் 21ஆம் தேதி, பம்பாய் மெட்ரோ தியேட்டரில். 'ஃபிலிம்ஃபேர்' இதழ், வாசகர்களின் வாக்குகளைச் சேர்த்துப் பரிசு கொடுத்தது. அதற்கு அப்போது வைத்த பெயர் 'கிளேர்' விருது. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் சினிமா விமர்சகர் கிளேர் மெண்டோன்சாவின் நினைவாக வைத்த பெயர் அது. ஹாலிவுட்டில் விமர்சகர்களும் விருதும் எதிரெதிர் முகாம்களில் நிற்க, பம்பாயில் விருதே ஒரு விமர்சகரின் பெயரைச் சூடிக்கொண்டு பிறந்தது. முதல் பரிசு பிமல் ராயின் 'தோ பிகா ஜமீனு'க்கு. இரண்டாவது விருது அக்டோபரில், டெல்லியில். எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான சினிமா விசாரணைக் குழு 1951இல் சொன்ன யோசனையை ஏற்று அரசு வழங்கிய தேசிய விருது. குடியரசுத் தலைவரின் தங்க மெடல் ஆச்சார்ய அத்ரேயின் மராத்திப் படமான 'சியாம்சி ஆயி'க்கு. 'தோ பிகா ஜமீனு'க்குக் கிடைத்தது தகுதிச் சான்றிதழ். ஒரே ஆண்டுப் படங்கள், இரண்டு தராசு, இரண்டு எடை. அடுத்த ஆண்டின் படங்களுக்கு நடந்த தேர்வில் தமிழுக்கு முதல் வெள்ளி மெடல் வாங்கித் தந்தது, எம்.ஜி.ஆர். நடித்து ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய 'மலைக்கள்ளன்'. கல்கி அதைப் பார்க்க இருக்கவில்லை. 1954 டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமாகிவிட்டார். 1956இல் அவர் பெயருக்குச் சாகித்ய அகாடமி விருது வந்தது; 'பொன்னியின் செல்வனு'க்கு வரவில்லை, 'அலை ஓசை'க்கு வந்தது. சோழக் கதை அதற்குரிய விருதுக்காக இன்னும் நெடுங்காலம் காத்திருக்கவேண்டியிருந்தது. முதலில் அது படமாகவேண்டும்.

முதலில் கை வைத்தவர் எம்.ஜி.ஆர். 1958இல் 'பொன்னியின் செல்வன்' எடுக்கப்போவதாக அறிவித்தார். திரைக்கதை எழுத அவர் கூப்பிட்ட இளைஞனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவுக்கு எம்.ஜி.ஆர். போயிருந்தபோது, மேடையேறிய ஒரு மாணவன் தமிழ் சினிமாவின் காதலுக்கும் நிஜ வாழ்க்கைக்கும் எத்தனை தூரம் என்று அவர் முன்னாலேயே போட்டு உடைத்தான். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை. அந்தப் பேச்சைப் பாராட்டி, நல்ல விமர்சகனாக வரத் தகுந்தவன் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். பையன் பெயர் அலெக்சாண்டர். சென்னைக்குச் சட்டம் படிக்க வந்து, படிப்பு நின்று, 'இனமுழக்கம்' பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவனை எம்.ஜி.ஆர். மறுபடி அடையாளம் கண்டார். கல்கியின் நாவலைக் கையில் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதினான். விபத்து ஒன்றில் எம்.ஜி.ஆருக்கு அடிபட்டது, படம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கைவிடப்பட்டது. திரைக்கதை எழுதியவர் மறுபடி பத்திரிகைக்குப் போனார். 'துக்ளக்'கில் அவர் எழுதிய விமர்சனங்கள் கடுமைக்குப் பேர்போனவை. தமிழ்நாடு அவரை மகேந்திரன் என்ற பெயரில் தெரிந்துகொண்டது. அவர் தானே ஒரு படம் எடுக்கும் நாளுக்குள், தமிழ் விமர்சனத்துக்கு ஒரு புது ஆயுதம் வந்து சேர்ந்திருந்தது.

விகடனில் கல்கிக்குப் பிறகு விமர்சனம் பேச்சாகத்தான் இருந்தது. முனுசாமியும் மாணிக்கமும் பேசிக்கொள்வார்கள். சேகரும் சந்தரும் பேசிக்கொள்வார்கள். இருவர் படம் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து அலசுவதுபோல் இருக்கும். வாசன் 1969இல் மறைந்தார். மகன் பாலசுப்ரமணியன் பொறுப்பில் பத்திரிகை நடந்தது. 1970களில் விமர்சனத்தைக் குழு ஒன்று எழுதியது. கட்டுரையின் கடைசியில் ஓர் எண் நின்றது. நூற்றுக்கு இத்தனை. பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டு பார்த்து வளர்ந்த தமிழருக்கு அந்த எண்ணைப் புரியவைக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. கை இறுக்கமான குழு அது. நாற்பது கிடைத்தாலே பார்க்கலாம் என்று பொருள். ஐம்பதைத் தொட்டால் போஸ்டர் அடிக்கலாம். அறுபதைத் தாண்டுவது யாரால் ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், யாரும் வாங்க மறுத்த ஒரு படம் வந்தது.

பாரதிராஜா 'மயில்' என்றொரு கதையை எழுதி வைத்திருந்தார். கருப்பு வெள்ளையில், சின்னச் செலவில் எடுக்க நினைத்து, மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகத்திடம் போனார். முதலில் இணங்கிய கழகம் பிறகு பின்வாங்கியது. கதை முடங்கியது. எஸ்.ஏ. ராஜ்கண்ணு என்ற தயாரிப்பாளர் அதைக் கலரிலேயே எடுக்கலாம் என்று துணிந்தார். எடுத்து முடித்தால் விநியோகஸ்தர் ஒருவரும் வாங்கவில்லை. கோவணம் கட்டிய சப்பாணியாகக் கமல்ஹாசன், ஸ்டூடியோ வாசனையே இல்லாத கிராமம். இதை யார் பார்ப்பார்கள் என்றார்கள். ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். 1977 செப்டம்பர் 15ஆம் தேதி வந்த '16 வயதினிலே' வெள்ளி விழா கொண்டாடியது. விகடன் அந்தப் படத்துக்கு 62.5 மார்க் போட்டது. அதுவரை எந்தத் தமிழ்ப் படமும் வாங்காத எண். அந்த அரை மார்க்கைக்கூட விட்டுக்கொடுக்காமல் எண்ணிக் கொடுத்திருந்தார்கள். அடுத்து டெல்லியின் முறை.

டெல்லி 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று அறிவித்தது 'அக்ரகாரத்தில் கழுதை'யை. '16 வயதினிலே'க்கு எஸ். ஜானகியின் குரலுக்கான விருது மட்டும் வந்தது. 'அக்ரகாரத்தில் கழுதை' எங்கே ஓடியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தியேட்டர்களுக்கு அது வரவே இல்லை. கேரளத்து ஜான் ஆபிரகாம் கருப்பு வெள்ளையில் இயக்கியது. திரைக்கதை எழுதியவர் வெங்கட் சாமிநாதன், தமிழ் இலக்கியத்தில் தயவு தாட்சணியம் பார்க்காத விமர்சகர். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். பத்தாண்டுகளுக்குமேல் கழித்துத் தூர்தர்ஷனில் ஒளிபரப்பத் திட்டமிட்டபோதுகூட எதிர்ப்பு கிளம்பி நிறுத்தப்பட்டது. அந்த மெடல் இல்லாமல் போயிருந்தால் இப்படியொரு படம் தமிழில் உண்டென்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. மார்க் எங்கே போக முடியாதோ அங்கே மெடல் போய்ச் சேர்ந்தது. இது ஏதோ அந்த ஒரு வருடத்துத் தற்செயல் என்று யாராவது நினைத்திருந்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த எண்ணமும் மாறியிருக்கும்.

1978இல் மகேந்திரன் தன் முதல் படத்தை இயக்கினார். 'கல்கி' இதழின் வெள்ளி விழா நாவல் போட்டியில் பரிசு வாங்கிய உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்'. முடிந்த படத்தைப் பார்த்த தயாரிப்பாளர் வேணு செட்டியார் நொறுங்கிப்போனார்: வசனமே இல்லையே, பணம் போச்சே! 'செந்தாழம் பூவில்' பாட்டை எடுக்கப் பணம் இல்லாதபோது கமல்ஹாசன் உதவினார். ஆகஸ்ட் 15 அன்று வந்த படத்துக்கு முதலில் கூட்டமில்லை. பிறகு பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, தியேட்டர்கள் நிறைந்தன. விகடன் போட்ட மார்க் 61. ஃபிலிம்ஃபேரின் சிறந்த தமிழ்ப் பட விருதும் அதற்கே. ஒரு காலத்தில் மற்றவர் படங்களை அடித்துத் திருத்திய விமர்சகரின் பரீட்சைத் தாளில், விமர்சகர்களும் விருதும் ஒருசேரக் கையெழுத்துப் போட்ட அபூர்வ தருணம் அது. மறு ஆண்டே அந்த ஒற்றுமை உடைந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' விமர்சகர்களின் செல்லப் பிள்ளையானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைத் துரையின் 'பசி' கொண்டுபோனது. அதில் நடித்த ஷோபாவுக்குச் சிறந்த நடிகை விருது. 'பசி'யைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. குப்பை பொறுக்கும் பெண்ணை அவ்வளவு நெருக்கமாகத் தமிழ்த் திரை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனாலும் 'உதிரிப்பூக்கள்' பெயர் தேசிய விருதுப் பட்டியலில் அந்த இடத்தில் இல்லாதது உறுத்தத்தான் செய்கிறது.

1987இலும் இதே காட்சி. தீபாவளிக்கு வந்த மணிரத்னத்தின் 'நாயகன்' விகடனில் 60 வாங்கியது. கமல்ஹாசனுக்கும் பி.சி. ஸ்ரீராமுக்கும் தோட்டா தரணிக்கும் தேசிய விருது வந்தது. சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது பாலு மகேந்திராவின் 'வீடு' படத்துக்கு. பின்னாளில், 2005இல், அமெரிக்காவின் 'டைம்' இதழ் எல்லாக் காலத்துக்குமான 100 படங்களில் ஒன்றாக 'நாயகனை'ச் சேர்த்தது. ஒரு வீடு கட்ட அல்லாடும் குடும்பத்தின் கதையான 'வீடு' இன்றும் திரைப்படம் படிக்கும் மாணவர்களுக்குப் பாடம். நடுவர்களையும் குறை சொல்ல முடியாது, மார்க் போட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. முதன்முதலாக அகில இந்திய அளவில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையைத் தமிழ் வென்றது 1990ஆம் ஆண்டுப் படங்களில். படம் சேதுமாதவனின் 'மறுபக்கம்'. பெரும்பாலானோர் அதைத் தூர்தர்ஷனில்தான் பார்த்தார்கள். மார்க்கும் மெடலும் இப்படித் தனித்தனிப் பாதையில் போய்க்கொண்டிருக்க, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும் வேலையை, சற்றும் எதிர்பாராமல், ஒரு ஜாக்கி சான் ரசிகர் செய்யப்போனார்.

அவர் பெயர் சென் டுவாங். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஜாக்கி சானின் ஹாங்காங் படங்கள் அமெரிக்காவில் வரும்போதெல்லாம் எல்லாப் பத்திரிகை விமர்சனங்களையும் தேடிச் சேர்த்து வாசிப்பது அவர் வழக்கம். ஜாக்கி சானின் முதல் பெரிய ஹாலிவுட் படமான 'ரஷ் ஹவர்' 1998 ஆகஸ்டில் வருவதாக இருந்தது. அதற்குள் ஓர் இணையதளம் தயாராக வேண்டும் என்று ராப்பகலாக உழைத்தார். தளம் தயார்; படம் செப்டம்பருக்குத் தள்ளிப்போய்விட்டது. ஜாக்கி சானுக்காகக் கட்டிய 'ராட்டன் டொமேட்டோஸ்' வேறு ஒரு படத்தோடு தொடங்கியது. எத்தனை விமர்சகர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள் என்பதைச் சதவீதமாகச் சொன்னார்கள். 60 சதவீதம் வந்தால் பாஸ். 2001இல் வந்த 'மெட்டாகிரிட்டிக்' இன்னொரு வழியில் போனது. ஒவ்வொரு விமர்சனத்துக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டு, விமர்சகரின் தரத்தையும் பார்த்துச் சராசரி எடுத்தது. முன்னது தலைகளை எண்ணுகிறது, பின்னது மார்க்கைக் கூட்டுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்றாக எண்ணுபவர்கள் ஏராளம். ஐரீன் திரெரின் ஒற்றை நட்சத்திரம் எழுபது ஆண்டுகளில் உலக விமர்சகர்களின் கூட்டு எண்ணாகிவிட்டது. விருது அறிவிக்கும் இரவில் அந்த எண்ணைக் கொண்டுவந்து விருதுக்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தவுடன், வண்டி வண்டியாகப் பூசல் கிளம்பியது.

2005ஆம் ஆண்டுப் படங்களில் 'புரோக்பேக் மவுன்டன்' மெட்டாகிரிட்டிக்கில் 87, 'கிராஷ்' 66. ஆஸ்கர் 'கிராஷு'க்கு. 2018இல் 'ரோமா' 96. 'கிரீன் புக்' 69. ஆஸ்கர் 'கிரீன் புக்'கிற்கு. இன்று விருது என்றதும் உடனே கைப்பேசியில் மார்க்கைத் தேடிப்பார்த்து, 'எவ்வளவு வாங்கிய படத்துக்கு எதைக் கொடுத்திருக்கிறார்கள் பார்' என்று சொல்லும் பழக்கம், உலகமெங்கும் விருது நாளின் சடங்காகிவிட்ட அந்த ஒப்பீடு, இப்படிப் பிறந்ததுதான்: 1928இன் நட்சத்திரமும் 1929இன் கால் மணி விழாவும் ஒரே திரையில் சந்தித்தபோது. ஆனால் ஒப்பிடுபவர்கள் கவனிக்க மறந்த ஒரு சங்கதி இருந்தது.

அந்த இரண்டும் ஒரே பரீட்சை இல்லை. ஆஸ்கரில் 2009 முதல் சிறந்த படத்துக்கு வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுகிறார்கள். பலரும் முதலிடம் தருவது மட்டும் போதாது, மற்றவர்களின் இரண்டாம் மூன்றாம் இடங்களும் வேண்டும். கொஞ்சம் பேர் வெறிகொண்டு நேசித்து மிச்சம் பேர் வெறுக்கும் படம் அங்கே தோற்றுவிடும். நம் தேசிய விருதிலோ கதையே வேறு: அந்த ஆண்டில் தணிக்கைச் சான்றிதழ் வாங்கியிருந்தால் போதும், தியேட்டரில் ஓடியிருக்க வேண்டியதில்லை. வெற்றிமாறனின் 'விசாரணை' தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு வந்தது 2016 பிப்ரவரியில்; அதற்குக் கிடைத்தது 2015ஆம் ஆண்டுக்கான தேசிய விருது. செழியனின் 'டூ லெட்' 2018இல் விருது வாங்கி, 2019 பிப்ரவரியில்தான் தியேட்டர் கண்டது. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' படத்துக்கும் 2019இல் விருது, 2020இல் வெளியீடு. வாரப் பத்திரிகை மார்க் போடுவது வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு. நடுவர் குழுவின் முன்னால் நிற்பது தியேட்டர் கிடைக்காத படமும்தான். 'அக்ரகாரத்தில் கழுதை' 62.5ஐத் தோற்கடித்த மர்மம் இதில் அடங்கியிருக்கிறது. தமிழில் விமர்சகர் மார்க் கூட்டத்தோடு வந்த கலைக்குத் துணை நின்றது; விருது கூட்டமில்லாத கலைக்குத் துணை நின்றது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் நாம் சில நல்ல படங்களை இழந்திருப்போம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் மறுபடி சந்திக்க ஒரு படம் தேவைப்பட்டது. அதன் கதை 1950இலேயே தொடங்கிவிட்டிருந்தது.

மகேந்திரன் 2019 ஏப்ரலில் காலமானார். எம்.ஜி.ஆருக்காக அவர் எழுதிய 'பொன்னியின் செல்வன்' படமாகாமலே போனது. அதே ஆண்டு டிசம்பரில் மணிரத்னம் அந்தக் கதையின் படப்பிடிப்பைத் தொடங்கினார். கொரோனா வந்து மறித்தது. மறுபடி தொடங்கி, 2022 செப்டம்பர் 30ஆம் தேதி முதல் பாகம் வெளியானது. சரத்குமார் பெரிய பழுவேட்டரையர், பார்த்திபன் சின்னப் பழுவேட்டரையர், பழுவூர் இளையராணி நந்தினியாக ஐஸ்வர்யா ராய். அந்த ஆண்டு வசூலில் முதலிடம் பிடித்த தமிழ்ப் படம் அதுதான். கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் சேர்ந்த பழுவூரின் பெயர் எழுபது ஆண்டுக்கு முன் பத்திரிகைத் தாளில் வீடு வீடாகப் போனதுபோல, இப்போது திரையில் உலகம் சுற்றியது. படம் ஓடும், ஆனால் இவ்வளவு பெரிய வணிகப் படத்துக்குத் தேசிய விருது கிடைக்குமா என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. 1977இல் கிடைத்த பதில் ஞாபகத்தில் இருந்தது.

இந்த முறை பதில் வேறாக வந்தது. 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதி அறிவித்த 70ஆவது தேசிய விருதுகளில் 'பொன்னியின் செல்வன் 1' நான்கு விருதுகளைப் பெற்றது: சிறந்த தமிழ்ப் படம், ரவி வர்மனுக்கு ஒளிப்பதிவு, ஏ.ஆர். ரஹ்மானுக்குப் பின்னணி இசை, ஆனந்த் கிருஷ்ணமூர்த்திக்கு ஒலி வடிவமைப்பு. கல்கி கதையை எழுதி முடித்ததும், இந்த விருதை முதன்முதலாக வழங்கியதும் ஒரே 1954இல். கர்நாடகம் என்ற பெயரில் படங்களை எடைபோட்ட அந்த விமர்சகரின் கதைக்கு அரசின் மெடல் வந்து சேர 70 ஆண்டுகள் ஆயின.